நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

 

இன்றைய பேச்சு ஒரு சின்ன மாத்திரையைப் பற்றியது. ஊரில் அதற்குப் பெயர் நீர் மாத்திரை. விலை குறைந்த மாத்திரை. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். ஆனால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிற மாத்திரையும் இதுதான்.

ஏன் நிறுத்துகிறார்கள்? நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுத்தாமல் இருக்க என்ன வழி? இந்த மூன்று கேள்விகளுக்கும் இங்கே பதில் உண்டு.

இது கேரள எல்லையில் வாழும் தமிழ் மக்களுக்கான பேச்சு. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்கள். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி. ஒன்று குளிர்ந்த மலை. மற்றது காய்ந்த சமவெளி. இரண்டு இடத்திலும் மாத்திரை ஒன்றுதான். ஆனால் எடுக்க வேண்டிய கவனம் இடத்துக்கு இடம் வேறு.

முதலில் ஓர் அம்மாவின் கதையைக் கேளுங்கள்.

மலையில் ஓர் அம்மா

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா. வயது 55. அவர் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய கதைதான் இது.

அவருக்குப் பல வருடமாக ரத்தக்கொதிப்பு. ஒரு வருடம் இரண்டு காலும் வீங்கின. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் சோதித்துப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் குழி விழுந்தது.

"இதயம் பலவீனமா இருக்கும்மா. உடம்புல நீர் கட்டியிருக்கு" என்றார் டாக்டர். மற்ற மாத்திரைகளோடு ஒரு நீர் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாளில் வீக்கம் வடிந்தது. மூச்சு வாங்குவதும் குறைந்தது. அம்மா பழையபடி வேலைக்குப் போனார்.

ஆனால் ஒரு தொல்லை. காலை 7 மணிக்கு மாத்திரை போடுவார். 8 மணிக்கு மலைச்சரிவில் நிற்பார். அப்போதுதான் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். சரிவில் கழிப்பறை இல்லை. லயத்துக்குத் திரும்பிப் போக அரை மணி நேரம் நடக்க வேண்டும். செடிக்குள் ஒதுங்கினால் அட்டை கடிக்கும். பக்கத்துச் சரிவில் ஆண்கள் மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். அடிக்கடி போய் வந்தால் கொழுந்தின் எடை குறையும். எடை குறைந்தால் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசு போய்விடும்.

அம்மா யோசித்தார். "காலுதான் வடிஞ்சிருச்சே. இனி எதுக்கு இந்த மாத்திரை?" நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் செருப்பு இறுகியது. படுத்தால் இருமல் வந்தது. ஒரு தலையணை இரண்டு ஆனது. ஒரு நாள் நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தார். தண்ணீரில் மூழ்குவது போல் இருந்தது. மகன் ஓடிப் போய் ஜீப் பிடித்தான். வளைந்து வளைந்து போகும் மலைப் பாதை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் போய்ப் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தக் குழாயில் ஓர் ஊசி போட்டார்கள். அது என்ன ஊசி தெரியுமா? அவர் நிறுத்திய அதே நீர் மருந்துதான்! சற்று நேரத்தில் சிறுநீர் பிரிந்தது. மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. விடியும்போது அம்மா பேசினார்.

"ஏம்மா மாத்திரையை நிறுத்துனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் நகர்ந்த பிறகு நர்ஸிடம் மெல்லச் சொன்னார்: "காட்டுல எங்கே போய் ஒதுங்குறது, சிஸ்டர்?"

நர்ஸ் அதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் திரும்பி வந்தார். "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமேம்மா. மாத்திரை போடுற நேரத்தை மாத்திக் கொடுத்திருப்பேனே!" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நேரத்தை மாற்றினால் தீரும் தொல்லை. வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. அது உயிர் வரைக்கும் வந்துவிட்டது.

இதயமும் சிறுநீரகமும்

இதயம் ஒரு பம்பு. ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்பு முழுவதும் அனுப்புகிறது. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நாம் தூங்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை.

ரத்தக்கொதிப்பு என்பது ரத்தக் குழாய்களுக்குள் அழுத்தம் கூடுவது. 120க்கு 80 என்பது நல்ல அளவு. திரும்பத் திரும்பப் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக்கொதிப்பு. பெரும்பாலும் வலி இருக்காது. தலைசுற்றல்கூட இருக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அழுத்தம் கூடினால் இதயம் பாடுபட்டுத் தள்ள வேண்டும். பல வருடம் அப்படித் தள்ளித் தள்ளி இதயம் சோர்ந்துபோகும். மாரடைப்பு வந்தாலும் இதயத்தின் ஒரு பகுதி பலம் இழக்கும். இப்படிப் பலவீனமான நிலையை டாக்டர்கள் இதயச் செயலிழப்பு என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதயம் நின்றுவிட்டது என்று பொருள் அல்ல. தேவையான அளவுக்கு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை என்று பொருள்.

இதில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை? இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வருகிறது.

இதயம் பலவீனமானால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகம் தவறாகப் புரிந்துகொள்கிறது. உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. உடனே உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் இறங்குகிறது. வயிற்றில் சேருகிறது. நுரையீரலில் தேங்குகிறது. கால் வீங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும் இதனால்தான்.

உப்பு போனால் நீரும் போகும்

இங்கேதான் நீர் மாத்திரை உதவுகிறது. சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் அது தடுக்கிறது. உப்பு சிறுநீரில் போகிறது. உப்பு போகும் இடத்துக்கு நீரும் பின்னாலேயே போகும். தேங்கிய நீர் குறைகிறது. இதயத்தின் சுமையும் குறைகிறது.

இடுக்கி மக்களுக்கு 2018 ஆகஸ்ட் மாதம் மறக்காது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி அணையின் ஷட்டரைத் திறந்தார்கள். அடுத்த நாளே ஐந்து ஷட்டர்களையும் திறக்க வேண்டி வந்தது. தினமும் போடும் நீர் மாத்திரை ஒரு ஷட்டரைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பது போல. நடு இரவில் ஆஸ்பத்திரியில் போடும் ஊசி, எல்லா ஷட்டர்களையும் திறப்பது போல. அந்த நிலை வரவிடக் கூடாது.

வீக்கம் வடிந்ததும் மாத்திரை தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வடிந்ததே மாத்திரையால்தான். நிறுத்தினால் மறுபடியும் நீர் கட்டும்.

வேறு சிலர், "உடம்புல தண்ணி வத்திப் போகுது" என்று பயந்து குடம் குடமாகக் குடிக்கிறார்கள். அதுவும் தவறு. இதய பலவீனம் உள்ளவர் ஒரு நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுதி வைத்ததால் கிடைத்த மருந்து

நீர் மருந்து எப்படிக் கிடைத்தது? அதுவும் கேட்க வேண்டிய கதை.

1919ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் வியன்னா நகரம். அங்கே ஒரு மருத்துவமனையில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் வேலை பழகிக்கொண்டிருந்தார். மேகநோய் வந்த ஓர் இளம் பெண்ணுக்குப் பாதரசம் கலந்த ஊசி போட்டார்கள். அந்த வார்டில் நர்ஸுகள் ஒரு வேலையைத் தவறாமல் செய்தார்கள். தினமும் நோயாளியின் சிறுநீரை அளந்து, தாளில் எழுதி வைத்தார்கள்.

வோகல் அந்தத் தாளைப் பார்த்தார். ஊசி போட்ட நாளில் எல்லாம் சிறுநீர் பல மடங்கு கூடியிருந்தது. அப்படியானால் நீர் கட்டிய இதய நோயாளிக்கு இதைப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். நீர் வெளியேறியது, வீக்கம் வடிந்தது.

ஆனால் பாதரசம் நஞ்சு. ஊசியாகவும் போட வேண்டியிருந்தது. வேறு வழி தேடினார்கள். 1958இல் அமெரிக்காவில் குளோரோதயசைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. வாயில் போட்டு விழுங்கலாம். பாதரசம் இல்லை. ரத்தக்கொதிப்பும் இதனால் குறைந்தது. 1960களில் ஜெர்மனியிலிருந்து ஃபுரோசமைடு வந்தது. அதன் வணிகப் பெயர் லேசிக்ஸ். அந்த மாத்திரையின் வேலை சுமார் 6 மணி நேரம் நிற்கும்.

நர்ஸுகள் எழுதி வைக்கவில்லை என்றால் மாணவர் பார்த்திருக்க மாட்டார். எழுத்து அறிவு உயிர் காக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

மூன்று வகை மாத்திரைகள்

நீர் மாத்திரை என்றால் எல்லாம் ஒன்று அல்ல. முக்கியமாக மூன்று வகை உண்டு. பெயர்கள் நீளமானவை. எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

முதல் வகை: ஹைட்ரோ-குளோரோ-தயசைடு, குளோர்-தாலிடோன். இவை பெரும்பாலும் ரத்தக்கொதிப்புக்கு. மெதுவாக வேலை செய்யும். முதல் சில நாள் சிறுநீர் சற்றுக் கூடும். பிறகு கூடாது. "இப்போ ஒண்ணும் போறதில்லையே, மாத்திரை கேக்கல" என்று சிலர் நிறுத்துகிறார்கள். அது தவறு. நாளாக ஆக இந்த மாத்திரை ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அதனால் அழுத்தம் குறைந்தே இருக்கும்.

இது பழைய மாத்திரைதானே, புதியது நல்லதல்லவா என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 33,357 பேருக்கு மருந்து கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2002இல் முடிவு வந்தது. புதிய, விலை கூடிய மாத்திரைகளுக்குக் குளோர்தாலிடோன் குறைந்தது அல்ல என்று தெரிந்தது. இதயம் பலவீனமாகாமல் தடுப்பதில் அதுவே முன்னால் நின்றது.

இரண்டாவது வகை: ஃபு-ரோ-ச-மைடு, டோர்-செ-மைடு. இவை வேகமானவை. நீர் கட்டிய இதய நோயாளிக்கு இவைதான் மூச்சு விட வழி செய்கின்றன. கதையில் வந்த அம்மாவுக்குக் கொடுத்ததும் இதுதான்.

மூன்றாவது வகை: ஸ்பைரோ-னோ-லாக்டோன். இது மென்மையானது. ஆனால் பலன் பெரிது. 15 நாடுகளில் 1,663 இதய நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. இந்த மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் சாவு 30 சதவீதம் குறைந்திருந்தது.

இதய பலவீனத்துக்கு நீர் மாத்திரை மட்டும் போதாது. டாக்டர் வேறு மாத்திரைகளும் தருவார். நீர் மாத்திரை மூச்சை எளிதாக்கும். மற்றவை ஆயுளைக் கூட்டும். எல்லாம் சேர்ந்துதான் வைத்தியம்.

இது சின்ன நோய் அல்ல. 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் டாக்டர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். இதய பலவீனத்தால் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களின் சராசரி வயது 61தான். ஓர் ஆண்டுக்குள் பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். தேவையான மாத்திரைகள் எல்லாம் கிடைத்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள்.

எந்த நேரத்தில் போடுவது?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். காட்டில் எங்கே ஒதுங்குவது?

ஃபுரோசமைடு மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். முதல் இரண்டு மணி நேரம் வேகம் அதிகம். 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். இந்தக் கணக்கு தெரிந்தால் நாளைத் திட்டமிடலாம்.

விடியற்காலை 5 மணிக்குப் போட்டால், வேலைக்குக் கிளம்பும் முன் பெரும்பகுதி போய்விடும். அல்லது வேலை முடிந்து மாலை 4 மணிக்கு வீடு வந்ததும் போடலாம். படுக்கும் நேரத்துக்குள் வேகம் தணிந்துவிடும். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். இருட்டில் எழுந்து போகும்போது விழுந்துவிடவும் கூடும். கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும் நாளிலும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம். போய் வந்த பிறகு போடலாம்.

எந்த நேரம் யாருக்குச் சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொல்வதற்கு நீங்கள் கேட்க வேண்டும். டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் ஆஷா சேச்சியிடம் சொல்லுங்கள். "இந்த மாத்திரை போட்டால் வேலைக்குப் போக முடியவில்லை. நேரத்தை மாற்ற முடியுமா?" இந்த ஒரு கேள்வி போதும்.

இன்னொன்றும் உண்டு. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கேட்பது சலுகை அல்ல, உரிமை. குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்டத் தொழிலாளருக்குத் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து கேட்கலாம்.

பாலக்காட்டு வெயிலில்

மலையிலிருந்து சமவெளிக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் மழை குறைவு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் தென்னந்தோப்பிலும் கடலைக் காட்டிலும் வேலை செய்தால் வேர்வை ஆறாக ஓடும். அதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பு வற்றிப்போகக் கூடும்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா? வாய் வறண்டு போகிறதா? சிறுநீர் குறைந்து கறுத்துப் போகிறதா? கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா? இவை எச்சரிக்கை. அன்றே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வாந்தி, பேதி வந்த நாளிலும் அப்படியே. மாத்திரையைத் தொடர்வதா, இரண்டு நாள் நிறுத்தி வைப்பதா என்று அவர்கள் சொல்வார்கள்.

முதல் இரண்டு வகை மாத்திரைகளால் உடம்பிலிருந்து பொட்டாசியம் என்ற சத்தும் போகும். அது குறைந்தால் உடம்பு தளரும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். "அப்படியானால் தினமும் நாலு இளநீர் குடிக்கலாமா?" என்று சித்தூர்க்காரர் கேட்பார். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறவர்களுக்கு அது ஆபத்து. அந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்துதான். பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றே போகலாம். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் உண்டு. ஆகையால் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் கேட்ட பிறகே இவற்றைக் கூட்ட வேண்டும்.

இரண்டு ஆஸ்பத்திரி, ஒரே மருந்து

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பக்கமும் வைத்தியம் பார்க்கலாம். குமுளிக்காரர் தேனிக்குப் போவார். வாளையாறுக்காரர் கோயம்புத்தூருக்குப் போவார். கேரளத்தில் 2017இல் ஆர்த்ரம் திட்டம் தொடங்கியது. பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார நிலையங்களாக மாறின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வந்தது.

இந்த வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. இங்கே கொடுத்தது ஒரு நிறம். அங்கே கொடுத்தது வேறு நிறம். இரண்டும் ஒரே நீர் மாத்திரையாக இருக்கலாம். தெரியாமல் இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பாகும்.

இதற்கு வழி எளிது. ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எல்லா மாத்திரைகளின் பெயரையும் தமிழில் எழுதுங்கள். எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்றும் எழுதுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். மருந்தின் பெயரும் இருக்கும். அது தெரியாவிட்டால் மருந்து கொடுப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

உப்பும் வலி மாத்திரையும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்றும் பெரியவர்கள்தான் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுவதாக ஆய்வு சொல்கிறது.

நீர் மாத்திரை உப்பை வெளியே தள்ளுகிறது. கருவாடு, ஊறுகாய், பப்படம், உப்பு மாங்காய், மிக்சர் எல்லாம் உப்பை உள்ளே கொண்டுவருகின்றன. ஒரு கையால் இறைத்து, மறு கையால் ஊற்றினால் கிணறு வற்றுமா?

அசாம் தேயிலைத் தோட்டங்களில் தேநீரில் உப்பு போட்டுக் குடிக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தொழிலாளர்களிடம் ரத்தக்கொதிப்பு மிக அதிகம் என்று திப்ருகரில் உள்ள மருத்துவ ஆய்வு மையம் கண்டது. கூடுதல் உப்பு அதற்கு ஒரு காரணம். "வேர்வை சிந்துறோம், உப்பு வேணும்" என்ற நினைப்பால் உப்பைக் கூட்டக் கூடாது. சமைக்கும்போது போடும் உப்பிலேயே தேவையானது கிடைத்துவிடும். கஞ்சியில் தனியாக உப்பு போடுவதை முதலில் விடுங்கள். பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது வலி மாத்திரை. நாள் முழுவதும் நின்று வேலை செய்தால் முட்டி வலிக்கும், இடுப்பு வலிக்கும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்தும். நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதய நோயாளிகள் டாக்டரிடம் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

கொழுந்துக்கு எடை, உடம்புக்கும் எடை

தோட்டத்தில் கொழுந்துக்குத் தினமும் எடை போடுகிறார்கள். கிலோ குறைந்தால் உடனே தெரியும். இதய பலவீனம் உள்ளவர்கள் உடம்புக்கும் அப்படி எடை பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்ததும், சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். நாள்காட்டியில் அந்தத் தேதியில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்கும் முன்பே எடை சொல்லிவிடும். அன்றே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் எடை மெஷின் இல்லையா? நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

கதையில் வந்த அம்மாவும் இப்போது அதைத்தான் செய்கிறார். விடியற்காலை 5 மணிக்கு மாத்திரை. பிறகு எடை. பேத்தியின் பென்சிலால் நாள்காட்டியில் ஓர் எண். 8 மணிக்குக் கொழுந்துக் காடு. ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்குகிறார்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கூட்டவும் வேண்டாம்.
2. தொல்லை இருந்தால் சொல்லுங்கள். நேரத்தை மாற்றித் தருவார்கள்.
3. உப்பைக் குறையுங்கள்.
4. கேட்காமல் வலி மாத்திரை போடாதீர்கள்.
5. வெயிலிலும் வாந்தி, பேதியிலும் கவனமாக இருங்கள்.
6. மாத்திரையின் பெயரையும் உடம்பின் எடையையும் எழுதி வையுங்கள்.

வியன்னாவில் நர்ஸுகள் அளந்து எழுதினார்கள். உலகத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது. இன்று எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தம் வீட்டில் அதையே செய்யலாம். ஒரு பென்சிலும் ஒரு நாள்காட்டியும் போதும்.

பக்கத்து வீட்டில் கால் வீங்கியவர் யாராவது இருக்கிறார்களா? அவர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா? இன்று மாலையே போய்க் கேளுங்கள். ஏன் நிறுத்தினார் என்றும் கேளுங்கள்.